பத்து நிமிஷம்

செவ்வாய்க்கிழமை கடல் கொந்தளித்தது. சாஃபி துறைமுகத்திலிருந்து ஒரு விசைப்படகும் கிளம்பவில்லை என்று புருஷன் ஜிலாலி விடியும்போதே வந்து சொல்லிவிட்டான். மீன் இல்லையென்றால் தொழிற்சாலை இல்லை. தொழிற்சாலை இல்லையென்றால் போனுக்கும் வேலை இல்லை. அந்தத் தைரியத்தில்தான் ஹனியா தன் போனை எடுத்து மகள் ரிஹாபின் புத்தகப் பைக்குள் போட்டு அனுப்பினாள். காய்ச்சலில் இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகாத பிள்ளை, சிநேகிதியின் இயற்பியல் நோட்டைப் படம் பிடித்துக்கொண்டு வரட்டும் என்று நினைத்தாள். நல்ல எண்ணம்தான். நல்ல எண்ணத்தில் செய்கிற காரியம்தான் இந்த வீட்டில் எப்போதும் கழுத்தைப் பிடிக்கும்.

முன்பெல்லாம் மீன் வந்தால் தொழிற்சாலையில் சங்கு ஊதுவார்கள். ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் ஒரு சத்தம். ஒன்று நீளமாக இழுக்கும், ஒன்று விக்கி விக்கி ஊதும். பெண்கள் தூக்கத்திலேயே தங்கள் சங்கை அடையாளம் கண்டு எழுந்து ஓடுவார்கள். இப்போது சங்கு இல்லை. மேஸ்திரி பதூல் போன் அடிப்பாள். எடுக்க வேண்டும், "வர்றேன்" என்று சொல்ல வேண்டும், பத்து நிமிஷத்தில் மேஜைக்கு முன்னால் கத்தரிக்கோலோடு நிற்க வேண்டும். ஒரு தடவை எடுக்காவிட்டால் பெயர் பட்டியலின் அடிக்குப் போகும். இரண்டாவது தடவை பெயரே இருக்காது.

அன்று சாஃபியில்தான் கடல் கெட்டிருந்தது. தெற்கே அகாதிர் துறைமுகத்தில் நன்றாக இருந்தது. அங்கிருந்து மூன்று லாரி மத்தி மீன் தரைவழியாக வந்துகொண்டிருந்தது யாருக்குத் தெரியும்?

பதினொன்றரை மணிக்கு ஹனியா ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோது ரிஹாப் மூச்சிரைக்க வாசலில் வந்து நின்றாள்.

"உம்மா, மீன் வந்திருச்சாம். ஓடுங்க."

"யாரு சொன்னா? நீ எதுக்கு இந்நேரத்துல வந்து நிக்கிற?"

"போன் அடிச்சிச்சு."

"போன் எங்கடி?"

ரிஹாப் தரையைப் பார்த்தாள். "ஷர்காவி உஸ்தாத்கிட்ட. வகுப்புல ரவுண்டு வந்தவரு புடுங்கிட்டாரு. வகுப்புக்கும் வரக்கூடாதுன்னுட்டாரு."

"யா அல்லாஹ்!" ஹனியா மாவுக் கையோடு நெற்றியில் அடித்துக்கொண்டாள். மேற்கொண்டு கேட்க நேரம் இல்லை. ஜல்லாபா அங்கியை மாட்டிக்கொண்டு, ரப்பர் பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

மேஜைக்கு முன்னால் போய் நிற்கும்போது எல்லாரும் இரண்டு பெட்டி முடித்திருந்தார்கள். வெள்ளைத் தொப்பிகள் வரிசையாகக் குனிந்திருந்தன. தலையை ஒரு வெட்டு, குடலை ஒரு இழு, டப்பாவில் அடுக்கு. பனிக்கட்டித் தண்ணீரில் விரல்கள் மரத்துப்போய், அவை தங்கள் விரல்கள்தானா என்று பார்த்துப் பார்த்து வெட்டுகிற வேலை.

பதூல் வந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அறுபது வயது, அதட்டுகிற குரல், நல்ல மனசு. ஆனால் குரலும் மனசும் ஒரே சமயத்தில் வேலை செய்யாது.

"வாம்மா மகாராணி. பத்து நிமிஷம்னு சொன்னா உன் மக. மணி என்ன ஆவுது?"

ஹனியாவின் கத்தரி நின்றது. "என் மக சொன்னாளா?"

"பின்ன பேயா சொல்லிச்சு? எடுத்தா. கிசுகிசுன்னு, 'உம்மா வந்துட்டே இருக்காங்க லாத்தா, பத்து நிமிஷம்'னா. பின்னால ஒரு ஆம்பளை கத்துறான். டமால்னு கட்டாயிருச்சு. வீட்டுல சண்டைபோலன்னு நெனச்சேன்."

"வீட்டுல இல்ல லாத்தா. வகுப்புல."

பதூல் கையிலிருந்த பட்டியலை ஒரு தடவை பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "எடுத்ததால இன்னைக்கு உன் பேரு இருக்கு. வியாழக்கிழமை அகாதிர் லாரி மறுபடி வருது. எந்நேரம்னு எனக்கே தெரியாது. அன்னைக்கு நீ போனை எடுக்கலன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது ஹனியா. வாசல்ல பாரு, நாப்பது பொம்பளைங்க நிக்கிறாங்க. எனக்கு மேலயும் ஒருத்தன் உக்காந்திருக்கான்."

சாயங்காலம் வீட்டுக்கு வந்த ஹனியா கையைக்கூடக் கழுவவில்லை. மகளை அடுக்களைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"அடிச்சா அணைச்சுத் தொலைக்க வேண்டியதுதானே? ஏண்டி எடுத்த?"

"எடுக்கலன்னா உங்க பேரு அடியில போயிரும்ல."

"உம்மாவோட போனுன்னு உஸ்தாத்கிட்ட சொல்ல வேண்டியதுதானே, வாயில என்ன, மாவா?"

"சொன்னா, உம்மா ஏன் குடுத்தாங்கன்னு வாப்பாவைக் கூப்பிடுவாங்க. இப்பவும் வாப்பா வந்தாத்தான் குடுப்பாங்களாம். அடையாள அட்டையோட. வாப்பா வர்ற வரைக்கும் வகுப்புக்கும் வரக்கூடாதாம்." ரிஹாபின் குரல் இறங்கியது. "பத்து நிமிஷம்னு நான் சொன்னதை உஸ்தாத் கேட்டுட்டாரு. எவனோ ஒரு பயகிட்ட சொன்னேன்னு எழுதி வச்சிருக்காங்க."

ஹனியா கோதுமை மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

ஜிலாலி கெட்டவன் இல்லை. துறைமுகத்தில் மீன் பெட்டி சுமந்து சுமந்து முதுகு வளைந்தவன். சம்பளம் வாங்கிய அன்று மகள்களுக்கு ஆரஞ்சுப் பழம் வாங்காமல் வந்ததில்லை. ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன்னால் மூத்தவள் நஜாத்தின் படம் ஒன்று எவனோ ஒருவன் போனிலிருந்து ஊர் முழுக்கப் போனது. ஒன்றுமில்லாத படம். முக்காடில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். ஆனால் துறைமுகத்தில் இளந்தாரிகள் ஜிலாலியின் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். நாற்பது நாளில் நஜாத்தை யூசுஃபியா ஊரில் ஒரு லாரிக்காரனுக்குக் கட்டிக்கொடுத்தான். அவள் போன மறுநாள் ரிஹாபைக் கூப்பிட்டு நிறுத்தி ஆணையிட்டான்: "போன் சமாச்சாரம்னு உன் பள்ளிக்கூடத்துல இருந்து என்னைக் கூப்பிட்டா, அன்னைக்கோட உன் படிப்பு முடிஞ்சுது. உன் உம்மா கூட மீன் வெட்டப் போ. நான் பேச்சு மாறினா உன் உம்மா எனக்கு ஹராம்."

பெண்டாட்டியின் மேல் ஆணை. சொன்னபடி செய்யாவிட்டால் கல்யாணமே முறிந்துபோகும். சாஃபியில் ஆண்கள் கோபத்தில் இடுகிற ஆணைதான், காப்பிக் கடையில் சீட்டு விளையாடும்போதுகூட இடுவார்கள். ஆனால் ஜிலாலி விளையாட்டுக்குச் சொல்கிறவன் இல்லை. சொல்லி முடித்ததும் அவன் முகமே செத்துப்போயிற்று. அதற்குப் பிறகு இருவரும் அதைப்பற்றிப் பேசியதில்லை.

புதன்கிழமை ரிஹாப் வழக்கம்போல பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். பள்ளிக்கூடத்துக்கு இல்லை. தொழிற்சாலைச் சுவரோரம் மௌலூதின் நத்தைச் சூப்பு வண்டிக்குப் பின்னால் ஒரு காலிப் பெட்டியில் உட்கார்ந்து நாள் முழுக்கப் பாடம் படித்தாள். ஹனியா விடியற்காலையிலிருந்து தொழிற்சாலை வாசலிலேயே நின்றாள். போன் இல்லாதவள் வேறு என்ன செய்வாள்? அன்று மீன் வரவில்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு மொச்சைப் பருப்புக் கூழ். சீரகம் தூவி, ஆலிவ் எண்ணெய் ஊற்றி, சூடான ரொட்டியோடு. ஜிலாலி சுவரில் முதுகைச் சாய்த்து, ரொட்டியைப் பிய்த்து, மகளைப் பார்த்தான்.

"இன்னைக்கு என்ன சொல்லிக் குடுத்தாங்க?"

ரிஹாப் ரொட்டியைக் கீழே வைத்தாள். "மின்சாரம், வாப்பா. தொடர் இணைப்பு, பக்க இணைப்பு."

"எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

"தொடர் இணைப்புல ஒரு பல்பு போயிட்டா எல்லா பல்பும் அணைஞ்சு போயிரும்."

"நம்ம வீடு மாதிரின்னு சொல்லு." அவனே சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை. "படி, படி. நீ நர்ஸ் ஆகிட்டேன்னா என் முதுகுக்கு ஊசி போட வேற ஆளைத் தேட வேண்டாம். உன் கையிலயாவது மீன் வாடை இல்லாம இருக்கட்டும்."

ஹனியா தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சற்று நேரத்தில் அவனும் பின்னாலேயே வந்து, தண்ணீர் குடிக்கிற சாக்கில் அடுக்களை வாசலை மறித்துக்கொண்டு நின்றான்.

"எங்கூடப் பெட்டி தூக்குற இத்ரீஸ் சொன்னான். நம்ம புள்ள மத்தியானம் நத்தை வண்டிக்குப் பின்னால உக்காந்திருந்தாளாம்."

ஹனியா குழாயைத் திறந்துவிட்டாள். "நான் என்ன சொல்றேன்னா..."

"சொல்லாத." அவன் கையை நீட்டித் தடுத்தான். "நான் எதுவும் கேக்கல. நீயும் எதுவும் சொல்லாத. எனக்குத் தெரிஞ்சா நான் செஞ்சாகணும். செய்யலன்னா நீ எனக்கு யாரு? இருபத்தி ரெண்டு வருஷம் ஆச்சு ஹனியா. அந்த வாயை அன்னைக்கே தச்சிருக்கணும். என்ன நடந்தாலும் எனக்குத் தெரியாமலே நடந்து முடியட்டும்."

அவன் தண்ணீர் குடிக்காமலே போய்ப் படுத்தான். புருஷன் ஒரு பக்கம் கண்ணை மூடிக்கொண்டான், பள்ளிக்கூடம் ஒரு பக்கம் அவனைக் கேட்கிறது, தொழிற்சாலை ஒரு பக்கம் இவளைக் கூப்பிடப் போகிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். ஹனியாவுக்கு அழக்கூடத் தோன்றவில்லை.

வழி சொன்னவன் மௌலூத்தான். வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு அவன் பானையைக் கிளறிக்கொண்டே ஹனியாவிடம் குனிந்து சொன்னான்: "லாத்தா, நான் இந்த ஊர்ல பதினோரு புள்ளைக்கு அப்பன், தெரியுமா?"

"உங்களுக்குத்தான் கல்யாணமே ஆகலையே?"

"அதான் சங்கதி. பசங்க பள்ளிக்கூடத்துல மாட்டிக்கிட்டா வீட்டுல சொல்ல பயந்துக்கிட்டு என்கிட்ட வருவானுங்க. ஜல்லாபாவைப் போட்டுக்கிட்டு போவேன். 'ஆமா உஸ்தாத், தறுதலை உஸ்தாத், தோலை உரிச்சிருவேன் உஸ்தாத்'னு ரெண்டு வார்த்தை. கையெழுத்து. முடிஞ்சுது. பொம்பளைப் புள்ளைங்க பள்ளிக்கூடத்துக்கு நான் போனதே இல்ல, அங்க என்னை எவனுக்கும் தெரியாது. உங்க புள்ள நேத்து பூரா என் வண்டிக்குப் பின்னால உக்காந்து படிச்சா. ஒரு கிண்ணம் சூப்பு குடுத்தேன், 'அண்ணே, கிண்ணத்தைக் கழுவித் தர்றேன்'னா. நான் வர்றேன் லாத்தா."

இது தப்பு என்று ஹனியாவுக்குத் தெரியும். வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.

ஒன்பது மணிக்கு மூவரும் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். மௌலூத் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போடுகிற வெள்ளை ஜல்லாபாவில் வந்திருந்தான். அதையும் மீறி அவனிடமிருந்து நத்தையும் ஓம இலையும் மணத்தன. ரிஹாபை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள்.

கண்காணிப்பாளர் ஷர்காவியின் மேஜையில் பெரிய பிஸ்கட் டப்பா ஒன்று இருந்தது. அதற்குள் முப்பது நாற்பது போன்கள். ஒவ்வொன்றையும் காகிதத்தில் சுற்றிப் பெயர் எழுதி, ரப்பர் பேண்ட் போட்டிருந்தார். தூக்கமில்லாத கண்கள், நாலு நாள் தாடி. அவரைப் பார்த்தால் பயத்தைவிடப் பாவம்தான் தோன்றும்.

"ஜிலாலியா?"

"ஆமா உஸ்தாத்."

"அட்டை?"

"வீட்டுல மறந்துட்டேன் உஸ்தாத். துறைமுகத்துல இருந்து நேரா வர்றேன். தறுதலை உஸ்தாத் அவ. தோலை உரிச்சிருவேன்."

ஷர்காவி தலையாட்டினார். நோட்டைத் திறந்தார். "வகுப்பு நடக்கும்போது போனை எடுத்து, எவன்கிட்டயோ பத்து நிமிஷம்னு சொல்லியிருக்கா. பத்து நிமிஷத்துல எங்க போகப் போறாளாம்? நான் கேட்டேன், வாயைத் திறக்கல. சரி. கூப்பிடுங்க அவளை."

ரிஹாப் உள்ளே வந்து சுவரோரம் நின்றாள். முகம் வெளுத்திருந்தது. ஷர்காவி பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டு காத்திருந்தார். மௌலூத் அவளைப் பார்த்தான். சொல்லிவைத்த வார்த்தைகள் எல்லாம் அவனுக்கு மறந்துபோயின போலிருக்கிறது.

"காலைல ஏதாச்சும் சாப்பிட்டியா மகளே?" என்றான்.

ஷர்காவி பேனாவை மேஜையில் வைத்தார்.

"நீங்க இவளோட அப்பா இல்ல."

"என்ன உஸ்தாத் இப்படிச் சொல்லிட்டீங்க?"

"பத்தொம்பது வருஷமா இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன். இந்தக் கதவைத் தாண்டி வர்ற அப்பன் மொதல்ல புள்ளையை அடிப்பான், அப்புறந்தான் எனக்கு ஸலாம் சொல்லுவான். நான்தான் எழுந்து போய்ப் புடிக்கணும். சாப்பிட்டியான்னு கேட்ட அப்பனை நான் இன்னும் பார்க்கல."

மௌலூத் தலையைக் குனிந்துகொண்டான். அடையாள அட்டை இல்லாமல்கூடத் தப்பியிருப்பான். அன்பாக ஒரு வார்த்தை கேட்டு மாட்டிக்கொண்டான்.

"நெஜ அப்பனைக் கூப்பிடுறேன்" என்று ஷர்காவி சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துப் பக்கத்தைத் தேடினார். ஹனியா வாயைத் திறப்பதற்குள், பாதுகாவலர் என்ற கட்டத்தில் இருந்த எண்ணை அமுக்கிவிட்டார்.

பிஸ்கட் டப்பாவுக்குள் போன் அடித்தது.

எல்லாரும் டப்பாவைப் பார்த்தார்கள். தகரம் அதிர அதிர அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. ஷர்காவி தன் போனை அணைத்தார், டப்பாவும் நின்றது.

"சேக்கும்போது நான்தான் வந்தேன் உஸ்தாத்" என்றாள் ஹனியா. "என் நம்பரைத்தான் குடுத்தேன். அது என் போனு. நான்தான் அவ பையில போட்டேன். அவ பேசினது எவன்கிட்டயும் இல்ல. எங்க மேஸ்திரிகிட்ட."

"மேஸ்திரி!" ஷர்காவி கசப்பாகச் சிரித்தார். "போன மாசம் ஒரு உம்மா டாக்டர்னாங்க. அதுக்கு முன்னால ஒருத்தங்க ஹஜ்ஜுக்குப் போன மாமான்னாங்க. அம்மா, எனக்கு இங்க எண்ணூறு புள்ளைங்க. போன வருஷம் ஒருத்தி படம் வெளிய போயி, அவ கிணத்துல விழுந்தா. தூக்குனவங்கள்ல நானும் ஒருத்தன். எனக்கு உங்க மேல கோவமில்ல. போனைக் குடுத்தது நீங்க, பொய் அப்பனைக் கூட்டிட்டு வந்தது நீங்க. அந்த வீட்டுல இவளைக் கண்டிக்க ஒரு ஆள் இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க. இல்லேன்னா வாட்ச்மேனைத் துறைமுகத்துக்கு அனுப்பி அவரைக் கூப்பிட்டுக்கறேன்." அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக் கையைத் தட்டினார். "அப்துஸ்ஸலாம்!"

வாட்ச்மேன் பதில் குரல் கொடுத்தான். அவன் செருப்புச் சத்தம் வராந்தாவில் நெருங்கியது. துறைமுகம் இங்கிருந்து கால் மணி நேர நடை. அவன் போய் ஜிலாலியின் பெயரைச் சொன்ன நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது.

ஹனியா எழுந்தாள். இரண்டே எட்டில் மகளிடம் போனாள்.

அவள் கன்னத்தில் விட்ட அடி அறையெங்கும் கேட்டது. மீன் வெட்டி வெட்டிக் காய்ப்பு ஏறிய கை. ரிஹாபின் தலை சுவரில் இடித்தது. மௌலூத் "லாத்தா!" என்று கத்தினான். ஹனியா மறுபடி கையை ஓங்கினாள். ஷர்காவி நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடிவந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"போதும்மா, போதும். போதும்."

இந்தப் பதினாறு வருஷத்தில் ஹனியா அந்தப் பிள்ளையை ஒரு நாளும் அடித்ததில்லை. ரிஹாப் கன்னத்தில் கையை வைக்கவில்லை, அழவுமில்லை. உம்மாவையே பார்த்தாள். முதலில் அந்தக் கண்ணில் திகைப்பு இருந்தது. பிறகு திகைப்பு போய்விட்டது. அவளுக்குப் புரிந்துவிட்டது. அதைத்தான் ஹனியாவால் தாங்க முடியவில்லை. புரியாமல் வெறுத்திருந்தால்கூடத் தேவலை.

வாட்ச்மேன் வாசலில் நின்றான். "ஒண்ணுமில்ல, போ" என்றார் ஷர்காவி. டப்பாவைத் துழாவிப் போனை எடுத்து, காகிதத்தைப் பிரித்து மேஜையில் வைத்தார். பதிவேட்டை மௌலூத் பக்கம் தள்ளினார். "அப்பன்னு வந்துட்டீங்கள்ல, நீங்களே போடுங்க கையெழுத்தை." மௌலூத் போட்டான்.

அவன் பேனாவைக் கீழே வைக்கும்போது போன் அடித்தது. திரையில் பதூலின் பெயர்.

ஹனியா அதைக் கையில் எடுத்தாள். விரல் எங்கெங்கோ பட்டது. அடிக்கிறது, அடிக்கிறது, அவளால் அமுக்க முடியவில்லை. இன்னும் இரண்டு மணி அடித்தால் நின்றுவிடும். ரிஹாப் சுவரைவிட்டு வந்தாள், உம்மாவின் கையிலிருந்து போனை வாங்கினாள், கண்காணிப்பாளரின் மேஜைக்கு முன்னாலேயே நின்று காதில் வைத்தாள்.

"உம்மா வந்துட்டே இருக்காங்க லாத்தா. பத்து நிமிஷம்."

அந்தப் பக்கத்திலிருந்து பதூல் அதட்டியது அறை முழுக்கக் கேட்டது: "சீக்கிரம் வரச் சொல்லுடி, மூணு லாரி நிக்கிது, மீனு இளகுது!"

ஷர்காவி அந்தப் போனைப் பார்த்தார். அந்தப் பிள்ளையின் கன்னத்தைப் பார்த்தார். அதில் நாலு விரலும் பதிந்து சிவந்திருந்தன. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். வகுப்புக்குள் விடுவதற்கான சீட்டை எழுதிக் கிழித்து, அவள் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார்.

வராந்தாவில் ஹனியா மகளின் பக்கம் கையைக் கொண்டுபோனாள். ரிஹாப் தன்னையறியாமல் ஒரு அடி பின்வாங்கினாள்.

"போங்க உம்மா" என்றாள். "நேரமாச்சு."

ஹனியா ஓடினாள். கடற்கரைச் சாலை முழுக்க ஓடினாள். ஒன்பது நிமிஷத்தில் தொப்பியும் ஏப்ரனும் மாட்டிக்கொண்டு மேஜைக்கு முன்னால் நின்றாள். பனிக்கட்டியோடு மீனைக் கொட்டினார்கள். வலது உள்ளங்கை எரிந்துகொண்டே இருந்தது. அதைப் பனிக்கட்டித் தண்ணீருக்குள் மணிக்கட்டு வரைக்கும் விட்டு அப்படியே வைத்திருந்தாள்.

பதூல் பட்டியலில் டிக் அடித்துக்கொண்டே பக்கத்தில் வந்தாள். "பரவாயில்லையே, சொன்ன நேரத்துக்கு வந்துட்ட. போனும் வந்திருச்சு. உன் புருஷன் போயி வாங்கினானா?"

"ம்."

"உன் மக குரலு ஏன் ஒரு மாதிரி இருந்துச்சு? மறுபடி காய்ச்சலா?"

"தடுமன் லாத்தா" என்றாள் ஹனியா. கத்தரிக்கோலை எடுத்தாள். எடுத்த முதல் மீன் அவள் கையில் நிற்கவில்லை.